சிட்டிப் பக்கத்துக் காலேஜ்

1

நம் மிஷன் காலேஜின் பழைய மாணவர் மலரிலிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசீர்வாதம் சார் மறைந்து ஒரு வருஷம் ஆகிறதாம், அவர் நினைவாக இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "பெங்களூரில் குடியேறிய தங்கள் குடும்பத்துக்கும் அன்னாருக்கும் இருந்த பாசப் பிணைப்பைப் பற்றியும், அயல் ராஜ்யத்தில் தங்கள் வாழ்க்கை அனுபவங்களையும்" எழுதச் சொல்லியிருந்தார்கள். பாசப் பிணைப்பாம்! அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது. அரிசி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். ஆசீர்வாதம் சார் என் கணவர் சாமுவேலின் சொந்த அண்ணன். உங்களுக்கெல்லாம் அவர் கணக்கு வாத்தியார், ஹாஸ்டல் வார்டன், பிரம்பைக் கையிலிருந்து கீழே வைக்காத மனுஷன். எனக்கு அவர் மாமா. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உங்களில் நூறு பேர் இருப்பீர்கள். நான் எழுத வேண்டியது வேறு. இரண்டு பக்கத்தில் அடங்காது. இடம் இல்லையென்றால் தயவுசெய்து பாதியை வெட்டிப் போடாதீர்கள், மொத்தமாகக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

2

சுதந்திரம் வந்த வருஷம் இரண்டு வயதுப் பிள்ளையோடு நாங்கள் இங்கே வந்தோம். என் கணவருக்கு ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை கிடைத்திருந்தது. நீலசந்திராவில் ஓட்டு வீடு. இடது பக்கம் குடியாத்தத்துக்காரர்கள், வலது பக்கம் ஆம்பூர், எதிர் வீட்டில் ஆரணி. குழாயடியில் தமிழில்தான் சண்டை. அயலூருக்கு வந்திருக்கிறோம் என்பதே எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. நாங்கள் தண்டு என்று சொல்கிற கண்டோன்மெண்டைத் தாண்டி சிட்டிப் பக்கம் போனால்தான் பேச்சு மாறும், கடைப் பலகை மாறும், நம் முகமும் கொஞ்சம் சுருங்கிப் போகும். அந்தப் பக்கம் எங்களுக்கு வேலையே இருக்காது. வருஷத்தில் இரண்டு தடவை துணி எடுக்கப் போவோம், அவ்வளவுதான்.

காக்ஸ் டவுனில் ஒரு மிஷன் ஸ்கூலில் எனக்குத் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அதே வேலைதான். ஐந்து மணிக்குக் குழாய், ஆறரைக்குச் சோறு, ஏழரைக்கு பஸ். நாற்பது பிள்ளைகளுக்கு அ, ஆ. சாயங்காலம் திரும்பி வந்தால் கால் வீங்கியிருக்கும். அயல் ராஜ்யத்து வாழ்க்கை அனுபவம் கேட்டிருந்தீர்களே, அது இதுதான்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்டது கிடையாது, எந்த வருஷம் என்றுதான் கேட்பார்கள். மாமா நம் காலேஜில் படித்து அங்கேயே வாத்தியாரானார். என் கணவர் இரண்டு வருஷம் படித்துவிட்டு விட்டார். கொழுந்தன், நாத்தனார் வீட்டுக்காரர், மாமாவின் மூன்று பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். நான் டீச்சர் ட்ரெய்னிங் முடித்ததும் அதே காம்பவுண்டில்தான். சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளையை முன்னால் கூப்பிடுவார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி, சபைக் கடிதத்தைக் கையில் கொடுப்பார். அதன் பிறகு மாமா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மார்க் சீட்டைவிட அந்தக் கடிதம்தான் பெரிசு. அந்தக் கடிதம் இருந்தால் சீட்டும் உண்டு, ஹாஸ்டலும் உண்டு.

என் மகனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறது என்று பதினாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

3

இனி எழுதப் போவதை நம் சனத்தில் யாரும் எழுத மாட்டார்கள். தெரியாத மாதிரி இருப்போம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பாதியில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று சர்ச் புத்தகத்தில், இன்னொன்று பள்ளிக்கூட ரிஜிஸ்தரில்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆதிதிராவிடர் என்றால் பள்ளிக்கூடச் சம்பளத்தில் சலுகை, ஸ்காலர்ஷிப், காலேஜில் ஒதுக்கின சீட்டு எல்லாம் உண்டு. அதே ஆள் கிறிஸ்தவன் என்று எழுதிவிட்டால் ஒன்றும் கிடையாது. சட்டம் அப்படி. என் மகனை நீலசந்திராவில் கன்னட முனிசிபல் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்துன்னு போடப்பா, புள்ளைக்கு நல்லது" என்றாராம். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். சர்ச்சில் தேவசகாயமாக இருந்தவன் பள்ளியில் தேவராஜ் ஆனான். சாமுவேல் சாமிவேலு ஆனார். வீட்டில் அவன் தேவாதான், அதனால் கூப்பிடுவதில் சிக்கல் வரவில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவனுடைய மார்க் சீட்டில் பத்து வருஷம் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஒவ்வொரு தடவையும் இந்து, ஆதிதிராவிடர் என்கிற வரியைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு போடுவேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய்ப் பாடகர் குழுவில் நிற்பேன். அப்போதெல்லாம் மனசாட்சி ஒன்றும் என்னைக் குத்தவில்லை. எல்லோரும் செய்வதுதானே என்று இருந்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் தேவா நல்ல மார்க் வாங்கினான். கணக்கில் பள்ளிக்கே முதல். மாமா உடனே எழுதினார்: சீட்டும் ஹாஸ்டலும் தயார், பெயர் விஷயத்தை ஒரு அஃபிடவிட்டில் சரி செய்துகொள்ளலாம், போதகரிடம் பேசியாகிவிட்டது, பிள்ளையை அனுப்பு. கடிதத்தை என் கணவர் சத்தமாகப் படித்தார். தேவா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நான் அங்க போவலம்மா."

"அங்க போவாம?"

"சிட்டியில கவர்ன்மெண்ட் காலேஜ் இருக்குதில்ல, அங்க ஃபாரம் போட்டுட்டேன். பி.யூ.சி. முடிச்சா அடுத்தது என்ஜினீயரிங். எங்க சார் சொன்னாரு, கண்டிப்பா கெடைக்கும்னு."

ஃபாரம் போட்டுவிட்டானாம்! அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான், எனக்குத்தான் சொல்லவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்தார்.

"பெரியப்பா சீட்டை வெச்சிக்கினு காத்திருக்காரு. உனுக்கு இன்னாடா கொறைச்சல் அங்க?" என்று கத்தினேன்.

"அங்க போனா நான் ஆசீர்வாதம் சார் தம்பி பையன். ஹாஸ்டல்ல, சர்ச்சுல, கடைத்தெருவுல, எங்க போனாலும் அதே. தும்முனா வீட்டுக்கு லெட்டர் வரும். இங்க என்னை யாருக்கும் தெரியாது, எனுக்கு அதான் வேணும்."

"இங்க என்ன பேர்ல போவ? பொய்ப் பேர்லயா? இந்துன்னு சொல்லிக்கினா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பதினாறு வயசு. மீசைகூட ஒழுங்காக வரவில்லை.

"ஊர்ல நம்ம சர்ச்சுல நம்மள எந்தப் பெஞ்சுலம்மா ஒக்கார வெக்கிறாங்க? முன்னாடி மூணு பெஞ்சு யாருக்கு? அது இன்னா, ஜாதி இல்லாம வேற இன்னா? ஞானஸ்நானம் வாங்கியும் ஜாதி போவல, சலுகை மட்டும் போயிடணுமா?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். அன்றைக்குப் பதில் இல்லாத கோபத்தில் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

4

தேவா சிட்டிக் காலேஜில் சேர்ந்துவிட்டான். ஒதுக்கின சீட்டு. மூன்று மாதத்துக்குள் ஜாதிச் சான்று கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. அதற்காக அமல்தார் ஆபீசுக்கு, நம் பக்கத்தில் தாசில்தார் ஆபீஸ் என்போமே அதற்கு, நாலு தடவை நடந்தோம். மதராஸ்காரர்களுக்கு இங்கே சான்று தருவதா என்று ஒருவர் கேட்டார். எத்தனை வருஷமாக மைசூர் ராஜ்யத்தில் இருக்கிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். வீட்டு வாடகை ரசீது, பள்ளிக்கூடச் சீட்டு, பக்கத்து வீட்டுச் சாட்சி என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்தது. ஒரு நாள் வரிசையில் நான் முன்னால் போய் மன்றாடியபோது ப்யூன், "தாளிம்மா, ஸ்வல்ப தாளி" என்றான். கழுத்தில் என் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினேன். பொறுங்கள் என்றுதான் சொன்னானாம். பின்னால் நின்ற கன்னடப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தேவாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

கடைசியில் வீட்டுக்கு ஆள் வந்து நேரில் விசாரித்த பிறகுதான் சான்று என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்குள் மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்துவை மறுதலித்தவர் இல்லை. நீங்கள் பொய்ச் சான்று வாங்குவீர்களானால் நானே அமல்தாருக்கு எழுதிப் போடுவேன்." என் கணவர் இதைச் சத்தமாகப் படித்துவிட்டு மடித்து வைத்தார். தேவா, "எழுதட்டும், எழுதட்டும்" என்று மட்டும் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது.

பயந்தவன் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டான். காலேஜ் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்களாம். என்னிடம் பேசுகிற தமிழ் குறைந்தது, வீட்டுக்கு வரும் சிநேகிதர்களோடு கன்னடத்தில் கடகடவென்று பேசினான். நான் காப்பி கொண்டு போனால் பேச்சு நிற்கும். அவன் அப்படி ஒன்றும் என்னை ஒதுக்கவில்லை, இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது. கணக்குப் பாடத்தில் மூழ்கிக் கிடந்தான். சந்தோஷமாக இருந்தான். வாயில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே குளிப்பான். என்னைக் கேட்காமல் தேர்ந்தெடுத்த இடத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுவரில் இருந்த இயேசு படத்தை என் கணவர் கழற்றிப் பெட்டியில் வைத்தார். மளிகைக் கடையில் கொடுத்த முருகன் காலண்டரை அந்த ஆணியில் மாட்டினார். அடுத்த நாள் காலையில் தேவா கிளம்பும்போது சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தான்.

"இன்னாடா இது?"

"குங்குமம்மா. இந்த வாரம் எப்ப வேணா ஆபீஸ்லருந்து ஆள் வருவான். அது வரைக்கும் நெத்தியில வெச்சிக்கோயேன். எனுக்காக. அப்புறம் தொடச்சிடு."

எங்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. என் அம்மா வைத்ததில்லை, அவள் அம்மாவும் வைத்ததில்லை. அதை விட்டதுதான் நாங்கள் கிறிஸ்தவர்கள் ஆனதற்கு ஊர் கண்ட ஒரே அடையாளம்.

5

அன்றைக்கு ஸ்கூல் லீவு. என் கணவர் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பதினோரு மணி இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். வைத்தேன். என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். பாழாய்ப் போன குங்குமம், முழுசாகப் போகாமல் நெற்றியெல்லாம் சிவப்பாக இழுகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

"சாமிவேலு மனெ இதேனா?"

சாமிவேலு வீடு இதுதானா என்று கேட்டார், ஐம்பது வயது மனுஷர். குடை, ஃபைல், வியர்வை. என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார், கோலாரில் வேலை பார்த்தாராம். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். காலண்டரைப் பார்த்தார், அதைச் சுற்றிப் படம் இருந்த தடத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரி எத்தனை வீடு பார்த்திருப்பார்.

"நோடும்மா, ஜாஸ்தி ஒண்ணும் கேக்க மாட்டேன். பையனோட மார்க் நான் பார்த்தேன். சென்னாகி, நல்லா ஓதுறான். நீங்க இந்து ஆதிதிராவிடர், அல்லவா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எழுதிட்டுப் போறேன்."

நான் முந்தானையால் நெற்றியை மறுபடி துடைத்தேன்.

"ஆமான்னு தலை ஆட்டினாகூட போதும்."

ஒரு தலையாட்டல்தான். பத்து வருஷம் கையெழுத்துப் போட்ட பொய்தான் அது, புதிதாக ஒன்றும் இல்லை. அந்த நிமிஷத்தில் என் மனசுக்குள் ஆண்டவர் வரவில்லை, சிலுவை வரவில்லை, நரகமும் வரவில்லை. அந்த ஃபாரம் வந்தது. எனக்குச் சொல்லாமல் போட்டானே அந்த ஃபாரம். அமல்தார் ஆபீஸ் வரிசையில் அவன் சிரித்த சிரிப்பு வந்தது. எங்கள் எல்லோருக்கும் நல்லதாக இருந்த காலேஜ் இந்தத் துரைக்கு மட்டும் ஆகவில்லையா என்று வந்தது.

"நாங்க கிறிஸ்தவங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறக்கவே இல்லை. ஃபைலை மூடினார். "எனக்குச் சரியா கேக்கல. வெய்யில்ல வந்தது, காது அடைச்சுப் போச்சு. நான் நாளைக்கு வர்றேன், யஜமானரு இருக்கும்போது" என்று எழுந்தார். தங்கமான மனுஷர். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் வாசல்படி இறங்குவதற்குள் நான் உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். தேவாவின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய ஃபைலின் மேல் வைத்தேன். "படிச்சிப் பாருங்க. தேவசகாயம். முத்திரை இருக்குது" என்றேன்.

அவர் சீட்டைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இவனைப் பெத்த தாயா?" என்று கேட்டார். கன்னடத்தில் கேட்டிருந்தால் புரியவில்லை என்று சொல்லியிருப்பேன். நல்ல தமிழில் கேட்டார்.

6

பத்து நாளில் உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இருந்தது. தேவாதான் படித்துச் சொன்னான். விசாரணையில் மேற்படி நபர் கிறிஸ்தவர் என்று தெரியவந்ததால் சான்று மறுக்கப்படுகிறது. காலேஜில் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"யாரோ எழுதிப் போட்டிருக்கான்" என்றான் தேவா. கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ இன்னா யாரோ. அவருதான். சொன்ன மாதிரியே செஞ்சிட்டாரு" என்றான்.

என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அண்ணனா? சொந்த அண்ணனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீஸ் ஆள் வந்தானா என்று கேட்டார்கள். வந்தான், வீட்டில் ஆம்பிளை இல்லை என்றதும் போய்விட்டான் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! பொய் சொல்ல மாட்டேன் என்று மகனின் காலேஜைக் கெடுத்தவள், அடுத்த வாயில் பச்சைப் பொய் சொன்னேன்.

அதே வாரம் மாமாவின் கடிதம் வந்தது. விஷயம் கேள்விப்பட்டேன், நடந்தது நடந்துவிட்டது, பையனை உடனே அனுப்பு, வருஷம் வீணாக வேண்டாம், சீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். தேவா கையெழுத்தைப் பார்த்ததுமே பிடுங்கி நாலாகக் கிழித்தான். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பிறகு நான் படித்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் காலேஜாவது அவனுக்குக் கிடைத்திருக்கும். ஒரு காலேஜைப் பேசிக் கெடுத்தேன், இன்னொன்றைப் பேசாமல் கெடுத்தேன்.

அவன் மறுபடி எங்கும் சேரவில்லை. ஓசூர் போகிற வழியில் அத்திபெலேயில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குப் போனான். லாரிக்கு ஒயரிங் வேலை, இன்றைக்கும் அதுதான். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போய் நகம் சிதைந்து கிடக்கிறது. கணக்கில் பள்ளிக்கே முதல் வந்த பிள்ளை.

இரண்டு வருஷத்தில் என் கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். தந்தி கொடுத்தேன். மாமா ரயில் பிடித்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கியாகிவிட்டது. எல்லோரும் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக் குழி ஓரம் வந்தார். தேவா அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ போடக் கூடாது."

"டேய், என் தம்பிடா."

"எழுதிப் போட்டப்ப தம்பின்னு தெரியலையா? போய்யா வெளிய."

மரியாதை இல்லாமல், சபை முழுக்க நிற்க, பிரம்பு பிடித்த அந்தக் கையை முறுக்கி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மண் அவர் செருப்பின் மேல் கொட்டியது. உங்கள் வார்டன் சார், நீங்கள் எல்லோரும் நடுங்கிய மனுஷர், திரும்பி நடந்தார். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கேட் பக்கம் அவரைப் பிடித்தேன்.

"மெரட்டினது நெசம்மா எஸ்தர். எழுதல. சத்தியமா நான் எழுதல" என்றார். கண் கலங்கியிருந்தது.

"தெரியும் மாமா."

அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, போட்டுப் பார்த்துவிட்டார். பிறகு, "அவன்கிட்ட நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா நம்ப மாட்டான்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கார்டு வந்தது. வாழ்த்துக்குக் கீழே ஒரே வரி: பிள்ளையிடம் பேசினாயா? மூன்று கார்டு. நாலாவது வருவதற்குள் அவர் போய்விட்டார். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டார். அடக்கத்துக்கு நான் தனியாக வந்தேன், உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மகன் வரவில்லையா என்று கேட்டீர்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன்.

7

இதுதான் பாசப் பிணைப்பு. எங்கள் வீட்டில் வேறு காலேஜ் தேர்ந்தெடுத்த ஒரே பிள்ளையின் கதையும் இதுதான். ஆசீர்வாதம் சார் தம்பி மகனைக் காட்டிக்கொடுத்தவர் என்று நம் பக்கத்தில் இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அவர் எழுதவில்லை. நான் சொன்னேன். சத்தியத்துக்காகச் சொன்னேன் என்று யாரும் எனக்கு வக்காலத்து வாங்க வர வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல தேவா வந்தான். வாரா வாரம் வருகிறான். மண்ணெண்ணெய் வாங்கி வைப்பான், வீட்டில் எது ரிப்பேரோ பார்த்துக் கொடுப்பான். "நீ ஒருத்திதாம்மா என் பக்கம் நின்ன" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறான்.

நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, காலைலருந்து எழுதிக்கினே இருக்கிற?"

"ஊர்ப் பத்திரிகைக்கு. உங்க பெரியப்பாவைப் பத்திக் கேட்டாங்க."

அவன் முகம் இறுகியது. "அந்த ஆளப் பத்தி எழுத இன்னா இருக்குது?" என்று சொல்லிக்கொண்டே காகிதங்களை எடுத்தான். ஒரு பக்கம் பார்த்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பிடுங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். வீண் பதற்றம். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. வீட்டிலேயே நான் சொல்லித் தருகிறேன் என்று அவன் அப்பாவிடம் சொன்னதோடு சரி. இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித் தந்துகொண்டிருக்கிறேன்.

"நல்லா முத்து முத்தா எழுதியிருக்கம்மா" என்று சொல்லி, காகிதங்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தான்.

வாயால் சொல்வதற்கு எந்த எழுத்தும் தேவையில்லை. அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து டீ போடப் போனேன்.